சின்னப் பட்டறைக்குக் கைத்தொழில் தெரிந்த ஆள் கிடைக்கவும், கிடைத்தவர் நிலைக்கவும்: படிப்படியாக

தீபாவளி லீவு முடிந்து பட்டறை திறந்த அன்று எங்கள் விஎம்சி (கணினியில் ஓடும் உலோகம் வெட்டும் மெஷின்) செட்டர், அதாவது மெஷினை வேலைக்குத் தயார்படுத்துபவர், வந்தார். மெஷின் பக்கம் போகவில்லை. டூல் அலமாரியைத் திறந்து தன் சொந்த மைக்ரோமீட்டர் பெட்டியை எடுத்து, துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றார். "அண்ணா, திங்கக்கெழமைல இருந்து வேற எடத்துக்குப் போறனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க." எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். "ரெண்டாயிரம் சேத்தித் தராங்க. அதுக்காகப் போகலீங்க. அங்க பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் இருக்குது. பையன் பொறந்திருக்கானல்லங்க."

அந்த மெஷின் அதன்பின் 11 நாள் நின்றது. எங்கள் விஎம்சிக்கு மணிக்கு 400 ரூபாய் ஜாப் வொர்க் (கூலிக்குச் செய்து தரும் வேலை) கணக்கு. இரண்டு ஷிப்டுக்கு ஒரு நாள் 6,400, ஆக 11 நாளில் 70,400 ரூபாய் வருமானம் போனது. அவர் கேட்டிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய இரண்டாயிரம் வருடத்துக்கு 24,000தான். ஆனால் அவர் அதைக் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் வொர்க் செய்யும் பட்டறை எங்களுடையது. அப்போது 9 பேர், இப்போது 14 பேர். இந்த இடைவெளியில் நான் அலைந்து தெரிந்துகொண்டதை, அதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பெரிய கம்பெனியோடு சம்பளத்தில் நம்மால் போட்டி போட முடியாது. ஆனால் வாயால் சொன்னதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவும், சொன்ன தேதியில் செய்யவும் நம்மால் முடியும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இதற்குள்தான் அடக்கம்.

1. விளம்பரத்துக்கு முன் கணக்கு

ஆள் தேட ஆரம்பிக்கும் முன் ஒரு ஆளுக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். 20,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம், அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000.

பிஎஃப்பில் (வருங்கால வைப்பு நிதி) உங்கள் பங்கு 15,000-க்கு 12 சதவீதம், அதாவது 1,800. அதோடு காப்பீட்டுக்கு அரை சதவீதம், நிர்வாகக் கட்டணம் அரை சதவீதம், ஆக 1,950. இஎஸ்ஐக்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) 20,000-க்கு 3.25 சதவீதம், 650. வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்றால் மாதத்துக்கு 1,667 ஒதுக்க வேண்டும். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 15,000-ல் 4.81 சதவீதம், சுமார் 720. கூட்டிப் பாருங்கள், 20,000 ரூபாய் ஆள் உங்களுக்கு ஏறத்தாழ 25,000 ரூபாய். இந்த 25,000-ஐ வைத்துத்தான் மணிக்கணக்கு ரேட் போட வேண்டும். 20,000-ஐ வைத்துக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு அப்புறம் பிஎஃப் கட்டப் பணம் இல்லை என்று நிற்பது நம் தொழிலில் நிறைய நடக்கிறது, நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

இங்கே மாட்டிக்கொள்ளும் பொறி இரண்டு. முதலாவது, பிஎஃப் குறைய வேண்டும் என்று அடிப்படைச் சம்பளத்தை 8,000 ஆக்கி மீதியை அலவன்ஸ் என்று பிரிப்பது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளக் கணக்கில் சேர்ந்துவிடும். பாதிக்கு மேல் அடிப்படை என்று முதலிலேயே வைத்துவிடுங்கள். இரண்டாவது, குறைந்தபட்சக் கூலி. தமிழ்நாட்டில் பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். போன வருட அட்டவணையை வைத்துக் கணக்கு போடாதீர்கள்.

2. பதிவுகளை முடித்துவிட்டு ஆள் தேடுங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். ஆளைச் சேர்த்துவிட்டு, "அடுத்த மாதம் இஎஸ்ஐ வந்துவிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதிவு செய்து தருகிறேன் என்று ஒரு இடைத்தரகர் 12,000 ரூபாய் வாங்கினார், மூன்று மாதம் ஓடியது, எண் வரவில்லை, பணமும் திரும்பவில்லை. கடைசியில் நானே போர்ட்டலில் உட்கார்ந்து விண்ணப்பித்தேன். இந்தப் பதிவுகளுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது, அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஆள் வைத்துச் செய்வது தவறில்லை. ஆனால் லாகின் பெயரும் கடவுச்சொல்லும் ஓடிபி வரும் செல் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கையில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டியவை: பான் அட்டை, உதயம் சான்றிதழ் (சிறு தொழில் பதிவு, இதுவும் இலவசம்), ஜிஎஸ்டி சான்றிதழ், கூட்டு நிறுவனம் என்றால் பார்ட்னர்ஷிப் பத்திரம், இடத்துக்கு வாடகை ஒப்பந்தமோ சொத்து வரி ரசீதோ, சமீபத்திய ஈபி பில், நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கின் ரத்து செய்த காசோலை, டிஜிட்டல் கையெழுத்து, வேலையாட்கள் பட்டியல் சேர்ந்த தேதியோடு. எல்லாக் காகிதத்திலும் பட்டறை முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு ஜிஎஸ்டியில் பழைய கதவு எண்ணும் ஈபி பில்லில் புது எண்ணும் இருந்ததால் மூன்று வாரம் வீணாகப் போனது.

ஆளுக்கு வேண்டியவை: ஆதார், ஆதாரோடு இணைந்த செல் நம்பர், பான், வங்கிப் புத்தக நகல், குடும்பத்தாரின் ஆதார், போட்டோ. ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பான் அட்டையில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருக்கும், அது சின்ன விஷயமாகத் தெரியும், ஐந்து வருடம் கழித்து அவர் பிஎஃப் பணம் எடுக்கப் போகும்போதுதான் பெரிதாகும். சேரும் அன்றே பார்த்துவிடுங்கள்.

இஎஸ்ஐ: 10 பேர் எட்டினால் கட்டாயம், எட்டிய 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பின்னால் 9 ஆகக் குறைந்தாலும் தொடர வேண்டும். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். உங்கள் பங்கு 3.25, அவர் பங்கு 0.75 சதவீதம். 20,000 சம்பளத்துக்கு அவரிடம் பிடிப்பது 150 ரூபாய்தான். அந்த 150-க்கு அவருக்கும் மனைவி குழந்தைகளுக்கும், அவரையே நம்பியிருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ, தகுதி இருந்தால் வருடத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம். மெஷினில் கை பட்டு வேலைக்கு வர முடியாமல் போனால் 90 சதவீதம். சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வரிசையைப் பற்றி ஆட்கள் முகம் சுளிப்பார்கள், நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் டர்னர் ஒருவரின் அம்மாவுக்கு எலும்பு முறிந்து அங்கே சேர்த்தபோது, வட்டிக்குப் பணம் வாங்காமல் வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம் இஎஸ்ஐ பிடித்தம் பற்றிப் பட்டறையில் யாரும் பேசவில்லை.

ஒரு நுணுக்கம். இஎஸ்ஐ பங்களிப்புக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இரண்டு. 20,500 வாங்குபவருக்கு ஏப்ரலிலேயே 22,000 ஆக்கினால் உடனே வெளியே போய்விடுவார். மே மாதம் உயர்த்தினால் செப்டம்பர் வரை தொடரும். வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கும் நேரம் என்றால் இந்த ஒரு மாத வித்தியாசம் அவருக்குப் பெரிய விஷயம். அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

10 பேருக்குக் கீழே இருக்கிறீர்களா? வங்கி வழியாக வருடத்துக்கு 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் இருக்கின்றன, இரண்டிலும் தலா 2 லட்சம். 18 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் இரண்டிலும் சேரலாம். ஆளுக்கு 456 ரூபாய், அதை நீங்களே கட்டிவிடுங்கள். அதோடு ஏதாவது பொதுக் காப்பீட்டு நிறுவனத்தில் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி ஒன்று அவசியம். பிரஸ் மெஷின் இருக்கும் பட்டறை அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடக் கூடாது.

பிஎஃப்: 20 பேர் இருந்தால் கட்டாயம். அதற்குக் கீழே, பெரும்பாலான ஆட்களின் சம்மதத்தோடு விருப்பத்தின் பேரில் சேரலாம். நாங்கள் 12 பேர் இருக்கும்போது சேர்ந்தோம். செட்டர், புரோகிராமர் மாதிரி ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான் என்பதால் சேர்ந்தோம், அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

எல்லாருக்கும் வரும் சிக்கல் ஒன்று உண்டு. "பிடித்தம் எல்லாம் வேண்டாங்க, கைக்கு முழுசாக் கொடுத்திருங்க" என்பார்கள், இளவயசுப் பையன்கள் குறிப்பாக. 20,000-ல் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 150 போனால் கைக்கு 18,050. பக்கத்துப் பட்டறையில் 19,000 கையில் தருகிறார்கள் என்றால் அது அதிகமாகத்தான் தெரியும். இதை வாயால் விளக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு வருடம் கட்டியிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் போனில் பாஸ்புக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அவருடைய 1,800, உங்கள் பங்கிலிருந்து 550, ஆக மாதம் 2,350 சேமிப்பில் சேர்கிறது. இன்னொரு 1,250 பென்ஷன் கணக்குக்குப் போகிறது. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம். சேமிப்பு மட்டுமே வருடத்துக்கு 28,200. எண்ணைக் கண்ணால் பார்த்தவர்களில் பாதிப் பேர் மனசு மாறுகிறார்கள். மாறாதவரை வற்புறுத்தி வேலைக்கே சேர்க்க வேண்டாம், அவர் எப்படியும் மூன்று மாதத்தில் போய்விடுவார்.

இரண்டுக்குமே பணம் கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15. தாமதமானால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, அபராதம் தனி. இன்னொன்றும் இருக்கிறது: ஆளிடம் பிடித்த பங்கை 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால், அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போதைய விதியை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் 10-ஆம் தேதியே கட்டிவிடுகிறேன். 14-ஆம் தேதி இரவு போர்ட்டலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

3. ஆள் எங்கே இருக்கிறார்

கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டினால் ஹெல்பர் வருவார், செட்டர் வர மாட்டார். செட்டருக்குச் செட்டர்தான் வழி. உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள், அவர்கள் சொல்லி வந்தவர் ஆறு மாதம் நின்றால் சொன்னவருக்கு ஒரு தொகை என்று அறிவியுங்கள். நாங்கள் 3,000 தருகிறோம், ஆறாவது மாதச் சம்பளத்தோடு, எல்லார் முன்னாலும். டூல் கடைக்காரர்கள், மெஷின் சர்வீஸ் இன்ஜினியர்கள் காதிலும் போட்டு வையுங்கள், யார் எந்தப் பட்டறையில் மனக்கசப்பில் இருக்கிறார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் பக்கத்துப் பட்டறை ஆளைத் தேடிப் போய் இழுக்காதீர்கள். அப்படி வந்தவர் அதே வழியில் போவார், அதோடு நாளைக்கு ஒரு அவசர வேலையைப் பகிர்ந்துகொள்ள அந்தப் பட்டறை நமக்கு வேண்டும்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கு நிறுவனங்களுக்கும் கட்டணம் இல்லை. அரசின் தனியார் துறை வேலை இணையத்தில் பதிந்தால் போதும். சேவைக் கட்டணம் என்று யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பெண்களையும் யோசியுங்கள். எங்கள் சிஎன்சி டர்னிங்கில் (கணினியில் ஓடும் கடைசல்) இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், ரிஜெக்‌ஷன் குறைவாக இருப்பது அந்த இரண்டு மெஷினிலும்தான். அதற்குத் தாழ்ப்பாள் உள்ள தனிக் கழிப்பறை வேண்டும், பகல் ஷிப்ட் வேண்டும், 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார் குழுவும் கட்டாயம்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அறை பெரிய பிரச்சினை. முதல் நாள் எங்கே தங்குவார் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுங்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் காலை ஆறு மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கிப் பையோடு பட்டறைக்கு வந்து, இரவு எங்கே படுப்பது என்று தெரியாமல் மாலையே திரும்பிப் போனார். அந்தத் தவறு எங்களுடையது.

4. சர்டிபிகேட்டைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள்

அனுபவம் ஐந்து வருடம் என்று எல்லாரும் எழுதுவார்கள். ஒரு ட்ராயிங்கைக் கொடுங்கள், ஒரு காஸ்டிங்கைக் (வார்ப்பு) கொடுங்கள், ஏற்கெனவே புரோகிராம் உள்ள ஒரு ஜாபை செட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.

நல்ல செட்டர் முதலில், ஜாபைப் பிடிக்கும் வைஸின் தாடையைத் துடைப்பார். விரலால் தடவிப் பார்த்து ஒரு சிம்பு (உலோகச் சீவல்) இல்லை என்று தெரிந்த பின்தான் காஸ்டிங்கை வைப்பார். ஆஃப்செட் (டூலும் ஜாபும் இருக்கும் இட அளவு) எடுத்த பிறகு நேராக ஸ்டார்ட் அழுத்த மாட்டார். புரோகிராமை வரி வரியாக ஓட்டும் சிங்கிள் பிளாக்கைப் போடுவார், ரேபிடை (வேக நகர்வு) 25 சதவீதத்துக்கு இறக்குவார், ஒரு விரல் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்ட் பட்டன் மேலேயே இருக்கும், டூல் ஜாபை நெருங்கும்போது திரையில் மீதித் தூரத்தையும் கண்ணால் இடைவெளியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார். முதல் பீஸ் வந்ததும் அதை ஆறவிட்டு அளப்பார். சூட்டோடு அளப்பவரிடம் மைக்ரோமீட்டர் எவ்வளவு விலையாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

இந்தச் சோதனை அரை மணி நேரம்தான். ஆனால் அன்றைய நாளுக்கு அரை நாள் கூலியாவது கொடுத்து அனுப்புங்கள், வேலைக்கு எடுக்காவிட்டாலும். நாங்கள் 500 ரூபாயும் பஸ் செலவும் தருகிறோம். எடுக்காமல் அனுப்பிய ஒருவர்தான் பிறகு எங்களுக்கு இரண்டு நல்ல ஆட்களை அனுப்பினார்.

5. நியமனக் கடிதம், ஒரே பக்கம், தமிழில்

புதிய சட்டத் தொகுப்பின்படி எல்லாருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். ஆங்கிலத்தில் ஆறு பக்கம் வேண்டாம். என்ன வேலை, சேரும் தேதி, சம்பளப் பிரிவு, கைக்கு வருவது எவ்வளவு, எந்தத் தேதியில், ஷிப்ட் நேரம், வாராந்திர விடுமுறை, ஓவர்டைம் கணக்கு, லீவு, போனஸ் எப்போது, சம்பள உயர்வு எந்த மாதம், போக வேண்டுமானால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து இருவரும் கையெழுத்துப் போட்டு ஒன்று அவரிடம்.

ஓவர்டைம் இரட்டிப்புச் சம்பளம் என்பது சட்டம். ஒற்றைக்கு ஒற்றை தருவது ஊர் வழக்கமாக இருக்கலாம், ஆனால் அதுதான் ஆட்கள் மனசுக்குள் கணக்கு வைத்திருக்கும் இடம். இரட்டிப்பாகத் தர முடியாத வேலையை இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அது தவறு, அதோடு நல்ல ஆள் அந்த நிமிடமே எழுந்து போய்விடுவார். அட்வான்ஸ் கதையும் இதே மாதிரிதான். 50,000 அட்வான்ஸ் கொடுத்தால் ஆள் எங்கேயும் போக மாட்டார் என்று நினைப்போம். கடன் கழியும் வரை மனசில்லாமல் நிற்பார், இல்லையென்றால் புது முதலாளி அந்த 50,000-ஐக் கட்டிக் கூட்டிப் போவார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக் கட்டணம் என்று அவசியத்துக்குக் கேட்டால் கொடுங்கள், மாதம் எவ்வளவு கழிப்பது என்று அவர் சொல்லும் தொகையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. சம்பளத் தேதி

சட்டப்படி அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். நாங்கள் 5 என்று வைத்திருக்கிறோம், 5 ஞாயிறு என்றால் 4. இரண்டு வருடமாக ஒரு முறையும் தவறவில்லை, இதற்காக நான் வாங்கிய பெயர் வேறு எதற்காகவும் வாங்கியதில்லை. வாடகை, சீட்டு, பைக் டியூ எல்லாம் 10-க்குள் இருக்கும் ஒருவருக்கு 12-ஆம் தேதி வரும் 22,000-ஐ விட 5-ஆம் தேதி வரும் 20,000 பெரிது.

பட்டறைக்காரர்கள் சம்பளம் தள்ளிப் போடுவது பெரும்பாலும் மனசில்லாமல் இல்லை, பில் பணம் வராததால்தான். அதனால் இரண்டு காரியம். ஒரு மாதச் சம்பளத் தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள், மெட்டீரியலுக்கு அதைத் தொடக் கூடாது. எங்களுக்கு அதைச் சேர்க்க எட்டு மாதம் ஆனது. அப்புறம், ஒவ்வொரு இன்வாய்ஸிலும் உதயம் எண்ணை அச்சடியுங்கள். நம்மைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்தக் கெடுவுக்குள் தராமல் வருடக் கடைசியைத் தாண்டினால் வாங்குபவர் அந்த வருடத்தில் அதைச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் இதை அவர்கள் அக்கவுண்ட்ஸ் ஆளிடம் மெதுவாக ஞாபகப்படுத்துங்கள், நிறைய நேரம் பலன் கிடைக்கிறது.

7. பயிற்சிக்குப் பையன்களை எடுங்கள், ஆனால் பயிற்சி கொடுங்கள்

தயாராக இருக்கும் செட்டரைத் தேடிக்கொண்டே இருந்தால் சம்பளம் ஏறிக்கொண்டேதான் போகும். ஐடிஐயில் டர்னர், மெஷினிஸ்ட் முடித்தவர்களைத் தொழிற்பழகுநராக (அப்ரண்டிஸ்) எடுக்கலாம். 30 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு இது கட்டாயம், 4 முதல் 29 பேர் உள்ளவர்களுக்கு விருப்பம். ஆட்கள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்கலாம், எங்கள் 14 பேருக்கு இரண்டு பேர். உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் 1,500-க்கு மிகாமல், மத்திய அரசு பையனின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போடுகிறது. இவர்களுக்கு பிஎஃப், இஎஸ்ஐ பொருந்தாது.

தொழிற்பழகுநர் போர்ட்டலில் நிறுவனத்தைப் பதிந்து, டிரேடு வாரியாக இடத்தைக் காட்டி, ஒப்பந்தத்தை உருவாக்கி, இரண்டு தரப்பும் ஏற்க வேண்டும். பையனின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்காவிட்டால் அரசுப் பங்கு வராது, அதைச் சேரும் நாளே வங்கியில் சரிபார்க்கச் சொல்லுங்கள். வருட நடுவில் ஐடிஐ தேர்வு முடியும், அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பிரின்சிபாலைப் பார்த்துப் பேசிவிடுங்கள். முடிந்த பிறகு போனால் பெரிய கம்பெனிகள் எடுத்துக்கொண்டு போனது போக மிச்சம்தான்.

முக்கியமான பொறி: பையனைக் குறைந்த சம்பள ஹெல்பராக நினைப்பது. ஒரு வருடம் சிம்பு அள்ள வைத்தால் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் போய்விடுவான், போக வேண்டியதுதான். எங்களிடம் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. முதல் இரண்டு மாதம் அளவுக் கருவிகள், அடுத்து இன்செர்ட் (டூலின் வெட்டும் முனை) மாற்றுவது, தேய்மான ஆஃப்செட், அப்புறம் தனியாக ஒரு ஜாப் ஓட்டுவது, பத்தாவது மாதம் கூட ஒருவர் நிற்க முழு செட்டிங். ஒவ்வொன்றையும் சீனியர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சொல்லிக் கொடுக்கும் சீனியருக்கு மாதம் 1,000 தனியாக. இதைக் கொடுக்காவிட்டால் எந்தச் சீனியரும் தன் கைவித்தையை இன்னொருவனுக்குக் கொடுக்க மாட்டார், கொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை.

வேலைக்கு எடுக்கும்போது மத்திய அரசின் பிரதமர் விக்சித் பாரத் ரோஸ்கார் திட்டத்தையும் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேருபவர்களுக்கு. முதல் முறையாக பிஎஃப்புக்குள் வருபவருக்கு 15,000 வரை, ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று இரண்டு தவணையில். கூடுதலாக எடுக்கும் ஆளுக்கு நிறுவனத்துக்கு மாதம் 3,000 வரை இரண்டு வருடம், உற்பத்தித் துறைக்கு நான்கு வருடம். 50 பேருக்குக் குறைவான இடம் குறைந்தது இரண்டு பேரைக் கூடுதலாக எடுத்து ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். புதிதாக பிஎஃப் பதிவு செய்யும் பட்டறைக்கு அடிப்படை எண்ணிக்கை வேறு விதமாகக் கணக்கிடப்படும், அந்த விதியைப் படித்துப் பார்க்காமல் இந்தப் பணத்தைப் பட்ஜெட்டில் சேர்க்காதீர்கள்.

8. தீபாவளியும் பொங்கலும்

ஆள் மாறும் காலம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். போனஸ் கையில் வந்ததும் மனசு வேறு இடத்தைப் பார்க்கும். சட்டப்படி 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், 21,000 வரை வாங்குபவர்களுக்குக் குறைந்தது 8.33 சதவீதம். நமக்குக் கட்டாயம் இல்லாவிட்டாலும் கொடுக்காமல் இருக்க முடியாது. தொகையை ஆயுத பூஜை அன்றே சொல்லிவிடுங்கள். மெஷினைத் துடைத்துச் சந்தனம் வைத்து, பொரி கடலை கொடுக்கும்போது சொன்னால் தீபாவளி வரை யாருக்கும் குழப்பம் இல்லை. கடைசி நாள் வரை இழுத்தால் அவர்கள் வேறு கணக்கு போட ஆரம்பிப்பார்கள்.

சம்பள உயர்வை ஜனவரியில் வைத்தோம், பொங்கல் முடிந்து திரும்பி வரும் வாரம். முன்பெல்லாம் ஏப்ரலில் தருவோம், அதற்குள் போக வேண்டியவர் போயிருப்பார். உயர்வு எவ்வளவு என்பதையும் திறமை வைத்தே முடிவு செய்யுங்கள்: ஒரு மெஷின் ஓட்டினால் இவ்வளவு, செட்டிங் தெரிந்தால் இவ்வளவு, புரோகிராம் எழுதினால் இவ்வளவு என்று சுவரில் ஒட்டியிருக்கிறோம். யார் முதலாளிக்கு நெருக்கம் என்ற பேச்சு அதோடு நின்றது.

பணிக்கொடை 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குப் பொருந்தும். ஐந்து வருடம் முடித்தவருக்கு, கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி வருடங்களால் பெருக்க வேண்டும். 15,000-க்கு ஐந்து வருடம் என்றால் 43,269 ரூபாய். காலக்கெடு ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இப்போது ஒரு வருடமே போதும். நான்கரை வருடத்தில் ஆளை நிறுத்திவிடும் வேலையை யாராவது ஆலோசனையாகச் சொன்னால் கேட்காதீர்கள், மீதிப் பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

9. போகிறவரை நன்றாக அனுப்புங்கள்

இத்தனையும் செய்தும் சிலர் போவார்கள். சொந்த ஊர், துபாய், சொந்தப் பட்டறை, எதுவாகவும் இருக்கலாம். புதிய சட்டப்படி விலகியவரின் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். பணிக்கொடை இருந்தால் 30 நாளுக்குள். அனுபவச் சான்றிதழ் அன்றே.

எல்லாரும் மறப்பது பிஎஃப் போர்ட்டலில் விலகிய தேதியைப் பதிவது. அதைப் போடாவிட்டால் அவர் புது இடத்துக்குப் பணத்தை மாற்றுவதும் எடுப்பதும் இழுபறியாகிவிடும், உங்களுக்கு மாதம் இரண்டு போன் வரும். பத்து நிமிட வேலை, கடைசிச் சம்பளம் போடும்போதே முடித்துவிடுங்கள். இஎஸ்ஐயிலும் அதே போல.

மைக்ரோமீட்டர் பெட்டியோடு போன அந்தச் செட்டருக்கு நான் பாக்கியை மூன்று வாரம் இழுத்தேன், கோபத்தில். போன வருடம் அவரை கணபதி பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது மன்னிப்புக் கேட்டேன். இப்போது பிஎஃப் இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். அவர் வரவில்லை, அங்கே நன்றாக இருக்கிறார். ஜூன் மாதம் தன் மச்சானை அனுப்பி வைத்தார், ஐடிஐ மெஷினிஸ்ட், இப்போது சுவர் அட்டையில் ஆறாவது வரியில் இருக்கிறான்.